லத்தீன் இசைக் கலைஞர் டிட்டோ புவெந்தே டிம்பாலேயை ஏன் மேடையின் முன்பக்கத்தில் வைத்து வாசித்தார்?

டிம்பாலே என்பது தாங்கியில் பொருத்திய இரண்டு உலோக மேளங்கள். பெரும்பாலும் 14, 15 அங்குல அகலம். மேலே மட்டும்தான் தோல், அடிப்பக்கம் திறந்தே இருக்கும். நின்றபடி மெல்லிய குச்சிகளால் வாசிப்பார்கள். பக்கச் சுவரிலும் தட்டுவதுண்டு. எவர்சில்வர் குடத்தின் இடுப்பில் கரண்டி பட்டதுபோல் கணீரென்று கேட்கும்.

பாட்டின் அடுத்த பகுதி வருகிறது என்று ஒரு உருட்டடியில் அறிவிப்பது இந்த வாத்தியம்தான், கண்டக்டர் விசில் மாதிரி. 1923இல் நியூயார்க்கில் பிறந்து, கடற்படையில் இருந்துவிட்டு ஜூலியார்ட் இசைப்பள்ளியில் படித்த புவெந்தே குழுத்தலைவரும்கூட. தன் சைகை குழுவில் எல்லோருக்கும் தெரிய வேண்டுமென்றுதான் மேடையின் முன்பக்கம் வந்தார். பார்ப்பவர்களுக்கும் அது நல்ல வேடிக்கை!

'ஓயே கோமோ வா' சான்டானா என்ற ராக் குழுவின் சொந்தப் பாட்டு என்று பலர் நினைக்கிறார்கள்; அவர்கள் 1970இல் வாசித்தது, 1960களின் தொடக்கத்திலேயே புவெந்தே எழுதிப் பதிவுசெய்த பாட்டு.