தங்குதடை

வணக்கம் சார்,

போன வாரம் என் மகளுக்குப் பாஸ்போர்ட் வந்தது. பத்தாவது படிக்கிறாள். உள்ளே அச்சடித்திருந்ததைப் படித்துவிட்டு, "'வித்தவுட் லெட் ஆர் ஹிண்ட்ரன்ஸ்' என்று இருக்கிறதே, லெட் என்றால் விடுவதுதானே? விடாமலும் தடுக்காமலும் எப்படிப் போகவிடுவார்கள்?" என்று கேட்டாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அச்சுப்பிழையோ என்றுகூட நினைத்தேன். இன்னொன்று, பழைய ஆங்கில நாவல்கள் படிக்க ஆசை. வழக்கொழிந்த சொற்களின் பட்டியல் ஏதாவது இருந்தால் சொல்லுங்கள், முதலில் அதை மனப்பாடம் செய்துகொள்கிறேன்.

ஆர்., திண்டுக்கல்

அன்புள்ள ஆர்.,

அச்சுப்பிழை இல்லை. நானும் பாஸ்போர்ட் வாங்கிப் பல வருஷம் அந்தப் பக்கத்தைப் படித்ததே கிடையாது. உங்கள் மகள் படித்திருக்கிறாள், சந்தோஷம்.

ஆங்கிலத்தில் லெட் ஒரு சொல் அல்ல, இரண்டு. ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய ஆங்கிலத்தில் 'லேட்டன்' என்றால் விடுவது. 'லெட்டன்' என்றால் தடுப்பது. இந்த இரண்டாவது, நாம் தினமும் சொல்கிற 'லேட்'டுக்குச் சொந்தக்காரன். ஒருவனைத் தாமதிக்க வைப்பதுதானே தடுப்பது? காலப்போக்கில் இரண்டுக்கும் வால் தேய்ந்து ஒரே உருவம் வந்துவிட்டது. ஷேக்ஸ்பியர் காலத்தில் இரண்டுமே புழக்கத்தில் இருந்தன. அவர் நாடகத்தில் இளவரசன் ஹாம்லெட்டை அவன் செத்துப்போன அப்பாவின் ஆவி கூப்பிடுகிறது, கூட இருப்பவர்கள் போகாதே என்று பிடித்து நிறுத்துகிறார்கள். "என்னை லெட் செய்கிறவனை ஆவியாக்கிவிடுவேன்" என்று கத்துகிறான். விடுகிறவனைக் கொல்வேன் என்று படித்தால் காட்சியே தலைகீழாகிவிடும்.

அப்புறம் தடுக்கிற லெட் மெல்ல மறைந்தது. சர்வீஸ் பந்து வலையில் உரசிவிட்டுப் போனால் டென்னிஸில் 'லெட்' என்கிறார்களே, அதில் மிச்சம் இருக்கிறது. சட்ட மொழியிலும் இருக்கிறது. ஒரே பொருளுள்ள இரண்டு சொற்களை ஜோடியாகக் கட்டிவிடுவது வக்கீல்களின் பழக்கம்; லெட்டும் ஹிண்ட்ரன்ஸும் அப்படிக் கட்டப்பட்டவை. நமக்கு இது புதிதில்லை. 'தங்குதடையின்றி' என்கிறோம். தங்கு என்றால் இன்றைக்கு லாட்ஜில் ரூம் போட்டுத் தங்குவதுதான் ஞாபகம் வரும். ஆனாலும் 'தங்குதடையில் தங்கு எதற்கு' என்று யாரும் கேட்பதில்லை. பாஸ்போர்ட் வாசகத்துக்கு அதைவிடப் பொருத்தமான தமிழ் எனக்குத் தோன்றவில்லை.

பட்டியல் வேண்டாம். முன்பின் பார்த்திராத சொல்லால் ஒரு கெடுதலும் இல்லை. கண்ணில் பட்டதும் நாமே அகராதியைத் தேடிப் போய்விடுவோம். தெரிந்தவன் மாதிரி சிரித்துக்கொண்டு வருகிற சொல்லிடம்தான் ஏமாறுகிறோம். நான் படித்த பள்ளியின் வராந்தாவில் ஒரு படம் மாட்டியிருந்தது. ஏசுவைச் சுற்றிக் குழந்தைகள், கீழே ஆங்கிலத்தில் 'சஃபர் லிட்டில் சில்ட்ரன்' என்று ஆரம்பிக்கும் வசனம். குழந்தைகளே, கஷ்டப்படுங்கள் என்று ஏசு சொல்வதாக ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். கணக்குப் பீரியட் முடிந்து அந்த வழியாகப் போகும்போது அது சரி என்றும் பட்டது. பிற்பாடு தமிழ் பைபிளில் பார்த்தால், "சிறு பிள்ளைகள் என்னிடத்தில் வருகிறதற்கு இடங்கொடுங்கள்" என்றிருந்தது. 1611இல் வெளிவந்த ஆங்கில பைபிளில் சஃபர் என்பதற்கு அங்கே அனுமதிப்பது என்று பொருள். ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் பைபிள் அகராதியாக இருந்தது எனக்கு அதுதான் முதல் தடவை.

நாவல் படிக்கப் போகிறீர்கள் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். ஜேன் ஆஸ்டினின் 'எம்மா'வில் (1815) ஒரு பனி இரவு. விருந்து முடிந்து திரும்பும்போது, குதிரை வண்டிக்குள் பாதிரியார் எல்டன் எம்மாவிடம் 'வயலண்ட் லவ்' செய்கிறார். பதற வேண்டாம். கையைப் பிடித்துக்கொண்டு காதலைக் கொட்டுகிறார், கல்யாணம் செய்துகொள்ளச் சொல்கிறார், அவ்வளவுதான். அன்றைக்கு 'லவ்' செய்வது என்றால் வாயால் செய்வது.

செல்போன் அகராதிகள் பெரும்பாலும் இன்றைய அர்த்தத்தையே முதலில் காட்டும். 1884இல் முதல் பகுதி வெளியாகி 1928இல் முடிந்த ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதி அப்படி இல்லை. பழைய அர்த்தத்திலிருந்து தொடங்கி, எந்த வருஷம் யார் எப்படி எழுதினார்கள் என்று மேற்கோளோடு இறங்கி வரும். எளிய சொற்களே இருந்தும் வாக்கியம் பைத்தியக்காரத்தனமாகப் பட்டால், அங்கே நின்று அதைப் புரட்டுங்கள். உங்கள் மகள் செய்தது பாதி அதுதான்.

அவளிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். வேல்ஸில் லனெத்லி என்ற ஊரில், ஸ்டெப்னி தெருவில், 1904 வாக்கில் டேவிஸ் சகோதரர்கள் காருக்கு உபரிச் சக்கரம் செய்து விற்றார்கள். தெருப் பெயரே சக்கரத்துக்கும் பெயரானது. இங்கிலாந்தில் அந்தச் சொல் எப்போதோ செத்துப்போயிற்று. இன்று அங்கே ஸ்டெப்னி என்று கேட்டால் கிழக்கு லண்டனில் ஒரு பேட்டைக்குத்தான் வழி சொல்வார்கள். திண்டுக்கல்லில் எந்தப் பஞ்சர் கடையிலும் டயரை எடுத்துக் கையில் கொடுப்பார்கள்.