பலகையில் என்ன எழுதலாம்?

கேள்வி: பரந்தனில் செக்கு வைத்திருக்கிறேன். “பக்கத்துக் கடை நல்லெண்ணெய் கலப்படம்” என்று பலகை போடலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. இலங்கையில் அவதூறு 2002 இலிருந்து குற்றமல்ல, சிறைக்குப் போகமாட்டீர்கள். ஆனால் மாவட்ட நீதிமன்றத்தில் நட்டஈடு கேட்டு அவர் வழக்குப் போடலாம். ஒல்லாந்தர் காலத்திலிருந்து இங்கே வழங்கும் ரோமன் டச்சுச் சட்டப்படி, சொன்னது உண்மை என்றால் மட்டும் போதாது, பொதுநன்மைக்காகச் சொன்னதாகவும் இருக்கவேண்டும். கலப்படத்தைச் சொல்வது பொதுநன்மைதான். ஆனால் அத்தாட்சி? எண்ணெயை மணந்து பார்த்தது சாட்சியாகாது.

சந்தேகத்தைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லுங்கள், மாதிரி எடுப்பார். எங்கள் பிள்ளைகளும் சாப்பிடுகிற எண்ணெய், சும்மா விடாதீர்கள். பலகையில் உங்கள் எள், உங்கள் செக்கு, உங்கள் விலையை எழுதுங்கள்.