எம்.பி.ஏ. முடித்தவரை ஆறு மாதம் துணிக்கடை ஃப்ளோரில் நிற்கச் சொல்வது சரியா? அமெரிக்காவில் கேப், ஜே.க்ரூ துணிக்கடைகளை நடத்திய மிக்கி ட்ரெக்ஸ்லர் போன்றவர்கள் எப்படி மேலே வந்தார்கள்?

மேனேஜ்மென்ட் ட்ரெய்னி என்று வீட்டில் பெருமையாகச் சொல்லியிருப்பீர்கள். இப்போது சொந்தக்காரர் யாராவது கடைக்கு வந்து, நீங்கள் சட்டை மடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்துவிடுவார்களோ என்று கவலை. அதுதானே? தயவுசெய்து போய் நில்லுங்கள்.

எம்.பி.ஏ.வே வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் சண்டைக்கு வர வேண்டாம். நீங்கள் கேட்ட ட்ரெக்ஸ்லரே பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் எம்.பி.ஏ. படித்தவர். 1944-ல் நியூயார்க்கின் பிராங்ஸில் பிறந்தவர். அப்பா ஒரு கோட் கம்பெனிக்குப் பட்டன் கொள்முதல் செய்தவர். ட்ரெக்ஸ்லர் 1968-ல் ப்ளூமிங்டேல்ஸில் சேர்ந்தார். பிறகு மேசீஸ், ஆபிரகாம் அண்ட் ஸ்ட்ராஸ் என்று பெரிய கடைகளில் ஆண்டுக்கணக்கில் சரக்கோடு புழங்கிய பிறகுதான் 1980-ல் பெண்கள் உடைக்கடையான ஆன் டெய்லருக்குத் தலைவர் ஆனார். 1983-ல் கேப் நிறுவனர் டான் ஃபிஷர் கூப்பிட்டு கடையை ஒப்படைத்தார். ஜீன்ஸைத் தள்ளுபடியில் விற்றுக்கொண்டிருந்த கேப், அவர் கையில் சொந்த பிராண்டாக மாறியது. 1986-ல் குழந்தைகளுக்கான கேப் கிட்ஸ், 1994-ல் மலிவு விலை ஓல்ட் நேவி என்று புதுக் கடைகளும் வந்தன. இரண்டு வருடம் விற்பனை சரிந்ததும் 2002-ல் அனுப்பிவிட்டார்கள், மறுவருடமே ஜே.க்ரூவுக்குப் போய்விட்டார்.

பதவிப் பட்டியலை விடுங்கள். ஜே.க்ரூவில் இருந்தபோது, புகார் எழுதிய வாடிக்கையாளருக்கு அவரே போன் போட்டுப் பேசுவார். அலுவலகம் முழுக்க ஒலிபெருக்கி வைத்து, ஒரு சந்தேகம் வந்தால் அந்த நிமிடமே எல்லோரையும் கேட்பார். ஆப்பிள் கடைகள் 2001-ல் திறக்கும் முன், ஒரு கிடங்குக்குள் மாதிரிக் கடையை முழுசாகக் கட்டிப் பார்க்கும்படி ஸ்டீவ் ஜாப்ஸுக்கு யோசனை சொன்னவரும் இவர்தான். காகிதத்தில் பார்ப்பதை நம்பாத மனிதர்.

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. சென்னையில் ஒரு ரெடிமேட் கடையில் (பெயர் வேண்டாம்) லேடீஸ் செக்‌ஷன் பொறுப்பில் இருந்தேன். ஒரு சீசனில் கடுகு மஞ்சள் காட்டன் குர்த்தி ஒன்று நகரவே இல்லை. ரிவ்யூ மீட்டிங்கில் லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டே ‘கலர் எடுபடலை, 40 பர்சென்ட் தள்ளுபடி போட்டுத் தள்ளிவிடுங்க’ என்றார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. கலர் பிடிக்காத பீஸை யாரும் ட்ரையல் ரூம் வரைக்கும் தூக்கிக்கொண்டு போக மாட்டார்கள். இதுவோ நாள் முழுக்க உள்ளே போய்த் திரும்பிவந்து கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. ட்ரையல் ரூம் வாசலில் நிற்கும் பெண்ணிடம் கேட்டேன். யோசிக்கவே இல்லை அவள். “அக்கா, கையைத் தூக்கினா இறுக்கிப் பிடிக்குதுன்னு சொல்லிட்டு வச்சிட்டுப் போறாங்க.”

பழைய லாட்டில் மிச்சமிருந்த அதே சைஸ் பீஸை எடுத்து, இரண்டையும் டேபிளில் விரித்து டேப் வைத்தேன். புது லாட்டில் ஆர்ம்ஹோல், அதாவது கை நுழையும் வளைவு, அரை இஞ்சுக்கு மேல் குறைவு. துணி மிச்சம் பிடிக்க பேட்டர்னைச் சுருக்கியிருக்கிறார்கள். சப்ளையரிடம் பேசி அடுத்த லாட்டைச் சரிசெய்தோம். அதே கடுகு மஞ்சள்தான், தள்ளுபடியே இல்லாமல் விற்றுப்போனது. இன்றுவரை எனக்குப் பெருமையான விஷயம் அது. ஆனால் ஹெட் ஆபீஸ் ரிப்போர்ட்டில் ‘கொள்முதல் குழுவின் ஆய்வு’ என்று எழுதிக்கொண்டார்கள். அந்தப் பெண்ணின் பெயர் எங்கேயும் வரவில்லை. இன்சென்டிவும் இல்லை.

‘அந்த ஜே.க்ரூவே 2020-ல் திவாலாயிற்றே’ என்று கமென்டில் கேட்பீர்கள். ஆயிற்று. 2011-ல் முதலீட்டு நிறுவனங்கள் கடன் எடுத்து அந்தக் கம்பெனியை வாங்கின. அந்தக் கடனைக் கடையின் தலையிலேயே கட்டினார்கள். ஆன்லைன் வேகத்தைத் தான் சரியாகக் கணிக்கவில்லை என்று ட்ரெக்ஸ்லரும் 2017-ல் வெளிப்படையாகச் சொன்னார். அதனால் வாடிக்கையாளரின் பேச்சைக் கேட்டது தப்பென்று ஆகிவிடுமா?

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், சொல்லாவிட்டால் எனக்கு ஆறாது. அந்த ட்ரையல் ரூம் பெண்ணுக்கு உட்கார ஒரு ஸ்டூல் கிடையாது. ஆள் இல்லாத மத்தியான நேரத்தில் சுவரில் சாய்ந்தால்கூட கேமராவில் பார்த்துவிட்டு மைக்கில் கூப்பிடுவார்கள். கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று கேரளா 2018-லேயே சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாட்டிலும் 2021-ல் திருத்தம் வந்துவிட்டது. ஆனாலும் இந்த தீபாவளிக்குத் துணி எடுக்கப் போகும்போது கவுன்டருக்குப் பின்னால் ஸ்டூல் கிடக்கிறதா என்று பாருங்கள். கால் நரம்பு புடைத்து, வெரிகோஸ் வெயினோடு ஊருக்குத் திரும்பிய பிள்ளைகளை எனக்குத் தெரியும். எந்தக் கணக்கிலும் வராத செலவு அது.

எந்த செக்‌ஷன் வேண்டும் என்று உங்களிடம் கேட்டால், பில்லிங்கைக் கேட்காதீர்கள். அங்கே வாங்கியவர்களை மட்டும்தான் பார்ப்பீர்கள். ட்ரையல் ரூம் இருக்கும் செக்‌ஷனாகக் கேளுங்கள். பாக்கெட்டில் ஒரு இஞ்ச் டேப் இருக்கட்டும்.