கல்யாண டிவிடி பாதியில நிக்குது: டிஸ்க் கோளாறா, பிளேயர் கோளாறா?

ஏற்காட்டுல இருந்து ஒரு அண்ணன் கேட்டிருக்காரு. தங்கச்சி கல்யாணம் 2009ல, வீடியோக்காரர் ரைட் பண்ணிக் குடுத்த டிவிடி ரெண்டு இருக்காம், முதல் டிஸ்க் முகூர்த்தம் வரைக்கும் ஓடி அப்புறம் கட்டம் கட்டமா உடைஞ்சு நின்னுடுது, ரெண்டாவது போட்டா 'நோ டிஸ்க்'னு வருது, பையன் புதுசா ரைட் பண்ணின ஒண்ணு லேப்டாப்புல ஓடுது ஆனா பிளேயர்ல ஓடல, பிளேயர மாத்திடலாமான்னு.

இப்போதைக்கு மாத்தாதீங்கண்ணே. மூணும் மூணு வேற கேஸு.

முதல் டிஸ்க்க பாப்போம். டிவிடியில பதிவு உள்வட்டத்துல ஆரம்பிச்சு வெளிய போகும், அதனால ஆரம்பம் நல்லா இருந்து கடைசியில மக்கர் பண்ணுதுன்னா கோளாறு பெரும்பாலும் விளிம்புப் பக்கம்தான். கைரேகை படுறதும் அங்கதான், ஃபுல் ஸ்பீடுல அவசரமா ரைட் பண்ணினா எரர் ஜாஸ்தி விழுறதும் அங்கதான், டிவிடிங்கிறதே 0.6 மில்லிமீட்டர் தகடு ரெண்டை ஒட்டினது, ஈரம் ஏறுறதும் அந்த ஓரத்து வழியாத்தான். ஏற்காட்டுப் பனிக்கு பீரோவுல இருக்கற துணியே பூசணம் புடிக்குது, இதைக் கேக்கணுமா. மேல பொண்ணு மாப்பிள்ளை போட்டோ போட்ட பேப்பர் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தா அதுவும் டிஸ்க்க லேசா வளைச்சுடும், அதுக்காக உரிச்சுடாதீங்க, பாதி உரிஞ்சு பாதி நின்னா பேலன்ஸ் போயிடும்.

தொடைக்கிறது எப்படின்னா, தண்ணியில ஒரு சொட்டு சோப்பு, மெத்துனு பருத்தித் துணி, நடு ஓட்டையில இருந்து விளிம்புக்கு நேர்கோட்டுல. சுத்திச் சுத்தி தொடைக்கவே கூடாது, ஏன்னா குறுக்க விழுற கீறல பிளேயர் எரர் கரெக்‌ஷன்ல, அதாவது விட்டுப்போனதை கணக்குப் போட்டு நிரப்பி, சமாளிச்சுடும், பதிவு ஓடுற திசையிலயே நீளமா விழுந்தா சமாளிக்க முடியாது. பேஸ்ட் போட்டுத் தேய்க்கிற வைத்தியம் எல்லாம் வேண்டாம்.

முக்கியமா, அதையே திரும்பத் திரும்ப ஓட்டிப் பாக்காதீங்க, முதல்ல காப்பி எடுங்க. ஒரு டிரைவ் படிக்காதத இன்னொண்ணு படிக்கும், சேலத்துல யாராச்சும் தெரிஞ்சவங்க கிட்ட பழைய டெஸ்க்டாப் இருந்தா அதுல போட்டுப் பாருங்க. டிஸ்க்குக்குள்ள வீடியோ_டிஎஸ்னு ஃபோல்டர் இருக்கும், அதுல வீடியோ இருக்கற விஓபி ஃபைலுங்க ஒவ்வொண்ணும் 1 ஜிபிக்குள்ளதான், ஒண்ணொண்ணா காப்பி பண்ணுங்க, வந்த வரைக்கும் கம்ப்யூட்டர்ல விஎல்சிங்கிற வீடியோ சாஃப்ட்வேர்ல ஓடும். அடம் புடிக்கிற ஃபைலுக்கு லினக்ஸ்ல டிடிரெஸ்க்யூனு ஒரு சாஃப்ட்வேர் இருக்கு, நல்ல பகுதிய முதல்ல எடுத்துட்டு கெட்ட இடத்துக்கு அப்புறமா திரும்பி வரும்.

ரெண்டாவது டிஸ்க்க டியூப்லைட்டுக்கு கீழ சாய்ச்சுப் பாருங்க. ரைட் ஆன இடம் ஒரு நிறமாவும் ஆகாத இடம் கொஞ்சம் வேற நிறமாவும் வட்டமா கோடு பிரிஞ்சு தெரியும். கோடே இல்லாம உள்ள இருந்து வெளி வரைக்கும் ஒரே நிறமா இருந்தா, ஒண்ணு டிஸ்க் ஃபுல்லா ரைட் ஆகியிருக்கணும் இல்ல காலியா குடுத்திருக்கணும், நல்லா ஓடுற டிஸ்க்கோட ஒப்பிட்டுப் பாருங்க. கோடு இருந்தும் படிக்கலன்னா ஃபைனலைஸ் பண்ணாம, அதாவது எழுதி முடிச்சு டிஸ்க்க மூடாம, விட்டிருக்கலாம், அப்படிப்பட்டதையும் ஐசோபஸ்டர் மாதிரி சாஃப்ட்வேர் பல நேரம் படிச்சுடும். பிளேயர் மேலயும் சந்தேகம் உண்டு: கடையில வாங்கின ஒரிஜினல் பட டிஸ்க் ஓடி, வீட்டுல ரைட் பண்ணினது எதுவுமே ஓடலன்னா லென்ஸ் அழுக்கா இருக்கும் இல்ல லேசர் சோர்ந்திருக்கும், ரைட் பண்ணின டிஸ்க் ஒளியக் கம்மியாத்தான் திருப்பி அனுப்பும், அழிச்சு அழிச்சு எழுதுற ஆர்டபிள்யூ டிஸ்க்குன்னா இன்னும் கம்மி. பாட்டு சிடி ஓடுது டிவிடி எதுவுமே ஓடலன்னா டிவிடி லேசர் போச்சு, ரெண்டுக்கும் லேசர் வேற வேற, சிடிக்கு 780, டிவிடிக்கு 650 நானோமீட்டர். ரிப்பேருக்கு எடுத்துட்டு இறங்கினா சேலம் வெக்கைக்கு லென்ஸ்ல ஈரம் கோத்துக்கும், ஒரு மணி நேரம் சும்மா வெச்சிட்டு அப்புறம் ஆன் பண்ணச் சொல்லுங்க.

பையனோட டிஸ்க்குல கோளாறே இல்ல. எம்பி4 ஃபைல டேட்டாவா எழுதியிருப்பாப்ல, பழைய பிளேயருக்கு டிவிடி வீடியோவா, எம்பெக்-2ங்கிற வீடியோ ஃபார்மேட்ல மாத்தி எழுதணும். அதுக்கு டிவிடிஸ்டைலர்னு ஒரு சாஃப்ட்வேர் இலவசம்தான், அதுல PAL (நம்ம ஊர் டிவி முறை) தேர்ந்தெடுத்து, 16 எக்ஸ் வேகம்னு போட்ட டிஸ்க்க 8 எக்ஸ் வேகத்துல எழுதச் சொல்லுங்க. அவ்ளோ மெனக்கெட வேண்டாம்னா பென்டிரைவ்ல போட்டு டிவி பின்னாடி சொருகிடுங்க, டிவி பழசா இருந்தா பென்டிரைவ ஃபேட்32ல ஃபார்மேட் பண்ணிக்கோங்க, அதுல ஒரே ஃபைல் 4 ஜிபிக்கு மேல ஏறாது.