நான்கு அங்குலம் போதும்: காட்டுக்கும் கடற்கரைக்கும் ஒரு கத்தி

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: விலை குறைவாக, வெளி வேலை எல்லாவற்றுக்கும் உதவுகிற, மடக்காத கத்தி ஒன்று சொல்லுங்கள். அவற்றையெல்லாம் சேர்த்து முதற் கேள்வியாக்கி இருக்கிறேன்.

நண்பர்கள் நான்கு பேர் அவ்வப்போது நிலாவெளிப் பக்கம் கூடாரம் அடிப்போம். மீன் வெட்ட, கயிறு அறுக்க, அடுப்புக்குச் சுள்ளி சீவ ஒரு கத்தி வேண்டும். இணையக் கடை ஒன்றில் பத்து அங்குல அலகு, முதுகில் வாள் பல், பிடிக்குள் திசைகாட்டி எல்லாம் சேர்த்து மலிவாகப் போட்டிருக்கிறார்கள். வாங்கலாமா? (உப்புவெளி வாசகர்)

வேண்டாம். பிடிக்குள் திசைகாட்டி வைக்க இடம் இருக்கிறது என்றால் அந்த இடத்தில் இரும்பு இல்லை. அலகு பிடியின் வாசலிலேயே முடிந்து ஒரு மரையாணியிலோ பசையிலோ நிற்கிறது. நாலு தடவை பக்கவாட்டில் நெம்பினால் அலகு ஒரு கையிலும் திசைகாட்டி மறு கையிலுமாக நிற்பீர்கள். முதுகிலிருக்கும் பல் மரத்தை அறுக்காது. உறையை மட்டும் ஒழுங்காக அறுக்கும்.

நீங்கள் எழுதிய மூன்று வேலைக்கும் 9 முதல் 11 சென்ரிமீற்றர் அலகு போதும், அதாவது நான்கு அங்குலம். கடைக்குப் போகும்போது சட்டைப் பையில் ஒரு சிறிய அடிமட்டத்தைப் போட்டுக்கொள்ளுங்கள். நீளத்தைவிட முக்கியமாக முதுகின் தடிப்பை அளந்து பாருங்கள். 2.5 முதல் 3 மில்லிமீற்றர் நல்லது. 5 மில்லிமீற்றர் தடிப்புள்ளதைக் கையில் எடுத்தால் பெறுமதியானது போலத்தான் இருக்கும். ஆனால் அது வெங்காயத்தை வெட்டாது, பிளக்கும். பாரை மீனின் முள்ளோரமாகச் சதையை எடுக்கப் போனால் பாதிச் சதை முள்ளோடு நின்றுவிடும்.

அடுத்தது பிடி. கையை நனைத்துக்கொண்டு பிடித்துப் பார்க்க வேண்டும். கடைக்காரர் ஒரு மாதிரிப் பார்த்தால் பார்க்கட்டும். மீன் சளி பட்ட கையில் வழுக்குகிற பிடி விரலை நேரே கத்தியின் வாயில், அதாவது வெட்டும் விளிம்பில், கொண்டுபோய் விடும், அதனால் பிடியின் முன்பக்கம் சிறு புடைப்பு ஒன்று இருக்க வேண்டும். அலகின் வால், அதாவது பிடிக்குள் போகும் இரும்பு, எவ்வளவு தூரம் போகிறது என்றும் கேளுங்கள். கடைசிவரை போனால் மிகவும் நல்லது. முக்கால்வாசி போனாலும் உங்கள் வேலைக்குத் தாங்கும்.

பெயர் சொல்லத்தான் வேண்டும் என்றால், சுவீடன் நாட்டின் மோரா என்ற ஊரில் 1891 முதல் நடந்துவரும் கத்தித் தொழிலின் இன்றைய நிறுவனம் மோராக்னிவ். அவர்களுடைய கம்பானியன் என்ற கத்தியின் அலகு 10.4 சென்ரிமீற்றர், தடிப்பு 2.5 மில்லிமீற்றர். வால் பிடியின் கடைசிவரை போவதில்லை, ஆனாலும் உலகம் முழுக்கக் காட்டு வேலைக்காரர் கையில் அது இருக்கிறது. வெளிநாட்டில் இருபது டொலருக்குச் சற்று முன்பின் விற்கும். கனடாவிலிருந்து வரும் சித்தப்பாவிடம் சொக்கலேட்டுக்குப் பதில் இதைக் கேட்கலாம். கிடைக்காவிட்டால் கவலையில்லை. இதே அளவுகளோடு திருகோணமலை பிரதான வீதி இரும்புக்கடைகளில் ஏறி இறங்குங்கள்.

மரம் வெட்ட, பற்றை துப்புரவாக்க, இளநீர் சீவ என்று வந்தால் வீட்டிலிருக்கும் காட்டுக்கத்தியைக் கூடவே கொண்டுபோங்கள். எல்லா வேலைக்குமான ஒரே கத்தியைத் தேடுகிறவர்கள் கடைசியில் எந்த வேலைக்கும் உதவாத ஏழு அங்குலக் கத்தி ஒன்றில் வந்து நிற்கிறார்கள்.

தோணியில் வைத்திருக்கிற கத்தி ஒரு கிழமைக்குள் கறள் பிடித்துவிட்டது. அலகில் ஸ்டெயின்லெஸ் என்றுதான் அடித்திருக்கிறது. ஏமாற்றிவிட்டார்களா ஐயா? (கிண்ணியா)

ஏமாற்றவில்லை, பாதியைச் சொல்லாமல் விட்டிருக்கிறார்கள். உருக்கில் 10.5 சதவீதத்துக்கு மேல் குரோமியம் இருந்தால் அதற்கு அந்தப் பெயர் வைக்கலாம். குரோமியம் காற்றோடு சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமாக இரும்பை மூடிக்கொள்ளும். கடலுப்பில் உள்ள குளோரைட்டுக்கு அந்தப் படலத்தில் ஊசித்துளை போடும் குணம் உண்டு. கத்தியை வெளிச்சத்தில் சரித்துப் பாருங்கள்: பரவலாகச் சிவக்காமல் புள்ளி புள்ளியாகக் கறுத்திருந்தால் அதுதான் காரணம்.

தோணிக்கு 420 என்ற வகை மலிவு உருக்கே பொருத்தம். கெதியில் மொட்டையாகும், ஆனால் உப்புக்கு ஓரளவு தாங்கும், தீட்டவும் இலகு. 440 என்று மட்டும் அடித்திருந்தால் மயங்க வேண்டாம். அதில் ஏ, பி, சி என மூன்று உண்டு. நல்ல பேர் வாங்கியது சி. எழுத்தில்லாமல் வருவது பெரும்பாலும் அதுவல்ல. சற்றுக் கூடுதலாகச் செலவழிக்க முடிந்தால் 12சி27 என்ற உருக்கைக் கேளுங்கள். 0.6 சதவீதம் கார்பன், 13.5 சதவீதம் குரோமியம். கறளுக்கும் கூர்மைக்கும் நடுவே நியாயமான சமரசம். வலைக் கயிற்றில் கால் சிக்கினால் அறுக்கவும் இந்தக் கத்திதான் என்றால், அலகில் சிறிது பல் இருப்பது நல்லது. நனைந்த நைலோன் கயிற்றில் மொட்டைக் கத்தி வழுக்கும், பல் கவ்வும்.

கரைக்கு வந்ததும் கத்தியை நல்ல தண்ணீரில் கழுவித் துடையுங்கள். அதைவிட முக்கியமாக உறையைக் கழுவுங்கள், அதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். உறைக்குள் தேங்கிய உப்புத் தண்ணீரில் இரவு முழுக்கக் கிடந்தால் பெரும்பாலான உருக்குகளில் புள்ளி விழும். தோலுறை தோணிக்கு ஆகாது. அடியில் ஓட்டையுள்ள பிளாஸ்டிக் உறை போதும். மாரி மாதங்களில் கத்தியை உறைக்குள் வைக்காமல், தேங்காயெண்ணெய் தொட்ட துணியால் துடைத்து வெளியே மாட்டிவிடுங்கள். நல்லெண்ணெய் வேண்டாம், நாள் போகப் பிசினாகும்.

ஊரில் கம்மாலை இருக்கிறது. லொறி ஸ்பிரிங் தகட்டில் ஒரு கத்தி அடித்துத் தருவதாகக் கொல்லர் சொல்கிறார். கடைக் கத்தியைவிட நல்லதா? (தம்பலகாமம்)

சரியாகச் சொல்லி அடிப்பித்தால் கடையில் அந்த விலைக்கு வரும் எதையும்விட நல்லது. ஸ்பிரிங் உருக்கில் சுமார் 0.6 சதவீதம் கார்பன் இருக்கும்; அடி தாங்கும், தீட்ட இலகு. ஆனால் எங்கள் கம்மாலைகளின் கை காட்டுக்கத்திக்கும் கோடரிக்கும் பழகியது. “சின்னதாக ஒன்று” என்று மட்டும் சொன்னால் சின்னக் காட்டுக்கத்தி ஒன்று கிடைக்கும், முதுகு 6 மில்லிமீற்றரில். மட்டையில் அளவாக வெட்டிக் கொண்டுபோய்க் கொடுங்கள். முதுகு 3 மில்லிமீற்றர் என்று அதிலேயே எழுதுங்கள்.

தகட்டை கிரைண்டரால் வெட்டி, தீட்டி, அப்படியே தந்துவிடுகிறவர்களும் உண்டு. ஸ்பிரிங் வளைந்து நிமிர வேண்டிய பொருள். அதன் பதம் கத்தி வாய்க்கு வேண்டிய அளவு கடினம் அல்ல. பற்றை வெட்டும் கத்திக்குச் சரி, சிறு கத்தியென்றால் இரண்டு மீன் வெட்டுவதற்குள் மொட்டையாகும். சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் தோய்க்க வேண்டும். தண்ணீரில் தோய்த்தால் இந்த உருக்கு வெடிக்கக்கூடும், வெடிப்பு மயிரிழை போல இருப்பதால் உடனே தெரியாது. தோய்த்த பிறகு மினுக்கி, மெல்லச் சூடாக்கி, வைக்கோல் நிறம் வந்ததும் நிறுத்த வேண்டும். இந்தக் கடைசி வேலையை விட்டால் வாய் கண்ணாடி போல உடையும்.

பழைய தகட்டில் ஏற்கனவே வெடிப்பு இருக்கலாம், ஆணித்துளையை அண்டிய பகுதியை ஒதுக்கச் சொல்லுங்கள். கையில் வாங்கியதும் புது அரம் ஒன்றை வாயில் மெல்ல வைத்துத் தள்ளுங்கள். வழுக்கினால் கடினம் இருக்கிறது. உடனே கடித்துத் தூள் விழுந்தால் பதம் ஏறவில்லை. பிறகு காய்ந்த சிரட்டை ஒன்றின் விளிம்பை நாலைந்து தடவை சீவிவிட்டு வாயை வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். வெள்ளைப் புள்ளியாக மின்னினால் அந்த இடம் மடங்கியிருக்கிறது, பள்ளம் தெரிந்தால் உடைந்திருக்கிறது. எதுவும் தெரியாவிட்டால் கேட்ட கூலிக்கு மேலே கொஞ்சம் வைத்துக் கொடுங்கள். பிடிக்கு முதிரைத் துண்டும் பித்தளை ஆணியும் கேளுங்கள்.

ஒன்று: இது கறள் பிடிக்கும். மாங்காய், தேசிக்காய் வெட்டினால் அலகு சாம்பல் நிறமாகக் கறுக்கும். கறுப்பு கெடுதல் இல்லை, சிவப்பைத்தான் விடக்கூடாது. கூடாரம் தம்பலகாமத்து வயலோரம் என்றால் இந்தக் கத்தி, கடற்கரை என்றால் கிண்ணியாக்காரருக்குச் சொன்னது.

கத்தியைச் சாணை பிடிக்கக் கொடுத்தேன். பளபளவென்று வந்தது, ஆனால் இரண்டு நாளில் பழையபடி மொட்டை. (உவர்மலை, ஆசிரியை)

வாயோரம் நீல நிறம் ஓடியிருக்கிறதா என்று பாருங்கள் ரீச்சர். இருந்தால் கிரைண்டரில் 300 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடேறிப் பதம் இறங்கிவிட்டது. அந்த நீல விளிம்பு தேய்ந்து முடியும்வரை எத்தனை தரம் தீட்டினாலும் நிற்காது.

இனிமேல் வீட்டிலேயே தீட்டுங்கள். ஒரு பக்கம் கரடான 400, மறு பக்கம் மென்மையான 1000 என்று எண் போட்ட தீட்டுக்கல் ஒன்று போதும். கல்லை நனைத்து, அலகை 20 பாகை சரித்து, முதுகுக்கும் கல்லுக்கும் நடுவே உயரம் மாறாமல் தள்ளுங்கள். ஒரு பக்கம் தீட்டியதும் மறு பக்க விளிம்பைப் பெருவிரலால் குறுக்கே தடவினால் மெல்லிய பிசிறு தட்டுப்படும். அது நுனியிலிருந்து அடிவரை வந்த பிறகுதான் கத்தியைத் திருப்ப வேண்டும். பெரும்பாலானவர்கள் அதற்கு முன்பே திருப்பிவிடுகிறார்கள். கடைசியில் பழைய தோல் பெல்ற்றில் பின்னோக்கி இழுத்தால் பிசிறு போய்விடும். பத்திரிகைத் தாளைத் தொங்கவிட்டு வெட்டிப் பாருங்கள், கிழிக்கும் இடத்தில் இன்னும் பிசிறு இருக்கிறது. மோரா போலத் தட்டையான அகலச் சரிவுள்ள கத்திக்கு 20 பாகை கணக்கு வேண்டாம். சரிவு முழுவதையும் கல்லில் படியவைத்துத் தள்ளுங்கள்.

கத்தியை விறகில் வைத்து மேலே தடியால் அடித்துப் பிளக்கிறார்களே, செய்யலாமா? (கன்னியா)

பூவரசங் கொப்பு, வேப்பங் கொப்பு, மணிக்கட்டு அளவு, கணுவில்லாதது: செய்யலாம். பாலை, வீரை போன்ற வைர மரங்களில் கத்தியை இறக்கினால் உங்கள் கத்தி அங்கேயே இருக்கும். எங்கள் காட்டில் காய்ந்த சுள்ளி நிலத்திலேயே கிடக்கிறது. எதற்காகப் பிளக்க வேண்டும் என்றுதான் எனக்கு விளங்கவில்லை.

சமையலறைக் கத்தியையே கொண்டுபோனால் என்ன? (மூதூர்)

ஒன்றுமில்லை. குறை, உறை இல்லாததுதான். தடித்த மட்டையை இரண்டாக மடித்து, விளிம்பில் ஒட்டுநாடா சுற்றி, வாய் படும் பக்கத்தில் இன்னொரு பட்டி மட்டை வைத்துவிடுங்கள். நெம்ப மட்டும் வேண்டாம், அலகு மெல்லியது.

மகனுக்குப் பன்னிரண்டு வயது. சாரணர் முகாமுக்குக் கத்தி கேட்கிறான். (திருகோணமலை நகர், தாய்)

முதலில் சாரண ஆசிரியரிடம் கேளுங்கள் அம்மா, அனுமதி அவருடையது. கொடுப்பதென்றால் 8 சென்ரிமீற்றர் அலகும் விரல் தடுப்பும் உள்ளதாக, கூர்மையாகத் தீட்டிக் கொடுங்கள். மொட்டை என்றால் ஆபத்தில்லை என்று நினைக்கிறார்கள். மொட்டைக் கத்தியைப் பிள்ளை அழுத்தி வெட்டும், அழுத்தும்போதுதான் வழுக்கும். வெட்டும்போது கத்தி உடம்பை விட்டு வெளியே போக வேண்டும், கை எட்டும் தூரத்தில் இன்னொருவர் நிற்கக்கூடாது, கைமாற்றும்போது உறைக்குள் போட்டுத்தான் கொடுக்க வேண்டும். இவற்றை ஒரு மாலை வீட்டு முற்றத்தில் செய்து காட்டச் சொல்லுங்கள்.

கறுப்புப் பூச்சுள்ள அலகு கறள் பிடிக்காதா? (குச்சவெளி)

பூச்சு இருக்கும் இடத்தில் பிடிக்காது. வாயில் பூச்சு இல்லை.

கத்தியை இடுப்பில் கட்டிக்கொண்டு பஸ்ஸில் போகலாமா? (நிலாவெளி)

கட்டாதீர்கள் தம்பி. உறையில் போட்டு, துணியில் சுற்றி, முதுகுப் பையின் அடியில் கூடாரத்தோடு வையுங்கள். பொலிஸார் கேட்டால் எங்கே போகிறீர்கள் என்று சொல்லக் கூடாரமே சாட்சி. போகிற வழியில் கோணேசர் கோயிலுக்கு ஏறுவதென்றால் கத்தியை வீட்டிலோ தங்குமிடத்திலோ விட்டுப் போங்கள். பாதை பிரெட்றிக் கோட்டைக்குள்ளால், அங்கே இராணுவம் இருக்கிறது. புறாத்தீவுக்கும் வேண்டாம். அது 2003 முதல் தேசியப் பூங்கா, வெட்டுவதற்கு அங்கே உங்களுக்கு எதுவும் இல்லை. விமானத்தில் என்றால் பதிவு செய்யும் பொதிக்குள் மட்டும், அதுவும் விமான நிறுவனத்திடம் ஒரு சொல் கேட்டுவிட்டு. கைப்பைக்குள் வைத்தால் கட்டுநாயக்கவில் அதை விட்டுவிட்டுத்தான் ஏற வேண்டிவரும்.