பதில்: ஒரே கோப்பாக்கியும் டெம்ப்ளேட்டுகள் தனித்தனியாக இறங்குகின்றன

ஆத்தங்குடி டைல்ஸ் கடைக்கான ஆங்குலர்ஜேஎஸ் தளத்தில், டெம்ப்ளேட்டுகளை (பக்கத்தின் எச்டிஎம்எல் துண்டுகளை) கல்ப் என்ற தொகுப்புக் கருவி வைத்து ஒரே ஜாவாஸ்கிரிப்ட் கோப்பாக்கியாயிற்று, ஆனாலும் பிரௌசரின் நெட்வொர்க் டேபில் ஒவ்வொரு எச்டிஎம்எல்லும் தனியாக வருகிறது என்கிறீர்கள். பெரும்பாலும் பெயர் பொருந்தாததுதான் காரணம். டெம்ப்ளேட்யூஆர்எல்லில் நீங்கள் எழுதும் பாதையை, டெம்ப்ளேட்டுகளைச் சேமித்து வைக்கும் ஆங்குலரின் டெம்ப்ளேட்கேஷ் எழுத்துக்கு எழுத்து தேடும். கிடைக்காவிட்டால் சத்தமில்லாமல் சர்வருக்குப் போய்விடும். அங்கே பழைய கோப்பு இன்னும் இருப்பதால் பிழையும் தெரியாது.

உருவான கோப்பைத் திறந்து பாருங்கள். உள்ளே 'டைல்.எச்டிஎம்எல்' என்று இருந்து, நீங்கள் 'வியூஸ்/டைல்.எச்டிஎம்எல்' என்று கேட்டால் கிடைக்காது. முன்னால் ஒரு சாய்கோடு கூடினாலும் இதே கதைதான். பெயருக்கு முன்னால் பாதை சேர்க்கும், கல்ப் செருகுநிரலின் ரூட் அமைப்பில் 'வியூஸ்/' கொடுங்கள். டெம்ப்ளேட்டுகளைத் தனி மாட்யூலாக வைத்திருந்தால், அதை ஆப்பின் சார்புப் பட்டியலிலும் சேர்க்க வேண்டும்.

அப்புறம், காரைக்குடி வாடிக்கையாளருக்குப் பழைய விலையே தெரிவது, அவர் பிரௌசர் சேமித்து வைத்த பழைய கோப்பைக் காட்டுவதால் இருக்கலாம்: கோப்புப் பெயரில் ஹேஷ் (உள்ளடக்கம் மாறினால் மாறும் குறியீடு) சேர்த்து, அதற்கு மேக்ஸ்-ஏஜ் (பிரௌசர் வைத்திருக்கும் காலம், நொடிகளில்) 31536000 (ஒரு வருடம்) வையுங்கள், இண்டெக்ஸ் பக்கத்துக்கு மட்டும் நோ-கேஷ் (ஒவ்வொரு முறையும் சர்வரிடம் சரிபார்க்கச் சொல்வது). சரி, விலையை ஏன் டெம்ப்ளேட்டிலேயே எழுதினீர்கள்? அதை ஒரு ஜேசன் தரவுக் கோப்புக்கு மாற்றிவிடுங்கள்.