பதில்: ஜப்பானியக் கதையில் எல்லாமே 'அணிந்தான்' ஆகிவிடுகிறது

ஜப்பானியக் கதையைத் தமிழாக்கும்போது, அணிவதைக் குறிக்கும் கிரு, ஹகு, கபுரு என்ற மூன்று ஜப்பானிய வினைகளையும் 'அணிந்தான்' என்றே எழுத வேண்டியிருக்கிறது, நடை தட்டையாகிறது என்று கேட்டிருந்தீர்கள். 'அணி'யை விட்டுவிடுங்கள். ஜப்பானியம் உடம்பின் இடத்தைப் பார்க்கிறது: சட்டை, கிமோனோவுக்குக் கிரு, கால்சட்டை, காலுறை, செருப்புக்கு ஹகு, தொப்பிக்குக் கபுரு. தமிழ் பெரும்பாலும் செய்யும் விதத்தைப் பார்க்கிறது: வேட்டி கட்டுகிறோம், சட்டை போடுகிறோம், பூ வைக்கிறோம். அதனால் பொருளைப் பார்த்து வினையை மாற்றுங்கள். கண்ணாடிக்கு வரும் ககெருவுக்குத் தொங்கவிடு என்றும் பொருள் உண்டு. நம் 'மாட்டு' அப்படியே பொருந்துவது எனக்கு ரொம்பப் பிடிக்கும்!

சிக்கல் வேறிடத்தில். மூலத்தில் பொருளைச் சொல்லாமல் வெறும் ஹகு வந்தால், இடுப்புக்குக் கீழே என்று ஜப்பானிய வாசகருக்குப் புரியும். தமிழில் அது கிடைக்காது. அங்கே முந்தைய வரிகளைப் பார்த்து 'செருப்பை' என்று சேர்த்துவிடுங்கள், தயங்க வேண்டாம்.